சானடோரியம் வந்தா நின்னுபோற ஸ்கூட்டர்

நான் ரிடையர் ஆன அன்னிக்கு சர்வீஸ் சென்டர்ல மாலை போட்டாங்க, கேக் வெட்டினாங்க. அப்புறம் சின்னப் பசங்க எல்லாம் சுத்தி உக்காந்துக்கிட்டு, "சார், இத்தனை வருஷத்துல உங்களுக்கே தண்ணி காட்டின வண்டி எது?"ன்னு கேட்டாங்க. அன்னிக்கு ஏதோ சிரிச்சு மழுப்பிட்டேன். பதில் சொன்னா சூப்பர்வைசர் மானம் போயிடும்ல! இப்ப வீட்ல சும்மாதானே உக்காந்திருக்கேன், மானத்தைக் கட்டி வெச்சு என்ன பண்ணப் போறேன்? சொல்லிடறேன்.

எனக்கு ஊர் திருநீர்மலை. பேர் கோதண்டம். எஸ்.எஸ்.எல்.சி.யில கணக்குல கோட்டை விட்டதும், சித்தப்பா கூட்டிட்டுப் போய் மேற்கு தாம்பரத்துல ஒரு ஸ்கூட்டர் ஒர்க் ஷாப்புல சேர்த்து விட்டார். ரெண்டு வருஷம் மண்ணெண்ணெய்ல பார்ட்ஸ் கழுவினேன். மூணாவது வருஷம் ஸ்பேனர் கைக்கு வந்துச்சு. அஞ்சாவது வருஷம் தனியா எஞ்சினை இறக்கி ஏத்தினேன். அவ்வளவுதான் என் படிப்பு. நான் சொல்லப் போற விஷயம் நடந்தப்போ அறுபதுகளோட கடைசி. எனக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், தலைக்கனத்துக்குக் குறைச்சலே இல்லை.

ஷெட்டுக்கு மேஸ்திரி நாகலிங்கம். ராயபுரத்து ஆள். வண்டி வந்ததும் தொட மாட்டார். கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு மூணு சுத்து சுத்துவார். "இன்னா சார், இன்னா சொல்லுது வண்டி?"ன்னு கேட்டுட்டு, ஓட்டறவர் சொல்றதை முழுசா நின்னு கேப்பார். அப்புறம் எங்களைப் பாத்து விரலை மடக்குவார். ஒண்ணு, பெட்ரோல். ரெண்டு, பிளக். மூணு, கரண்ட். நாலு, சைலன்சர். இந்த வரிசை மாறவே கூடாது. "மொதல்ல மூடியத் தொறந்து பெட்ரோல் கீதான்னு பாரு. அப்பால ஸ்பேனரைத் தொடு" என்பார். யாரோ ஒருத்தன் காலி டேங்க் வண்டிக்கு எஞ்சினையே பிரிச்சுப் போட்டானாம், அந்தக் கதையை வாரத்துக்கு ஒரு தடவையாவது சொல்வார்.

இன்னொரு கண்டிஷனும் உண்டு. டேங்க் நெறைய பெட்ரோலோட எந்த வண்டியும் ஷெட்டுக்குள்ள நிக்கக் கூடாது. எப்பவோ ஒரு தீ விபத்துல அவரோட வலது முழங்கை வெந்து போயிருந்துச்சு. அதனால உள்ள வர்ற வண்டியில பெட்ரோலைக் கேன்ல இறக்கிட்டு, அரை லிட்டர் மட்டும் விட்டு வெப்போம். டெஸ்ட் எல்லாம் அந்த அரை லிட்டர்லதான். இதை ஞாபகம் வெச்சுக்கங்க, ஏன்னா எங்களை மொட்டை அடிச்சது இந்த ரெண்டு நல்ல பழக்கமும்தான்.

சேலையூர்லேர்ந்து தெய்வசகாயம்னு ஒரு சார் வருவார். தாம்பரத்துல ஒரு பையன்கள் ஸ்கூல்ல சரித்திர வாத்தியார். வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட், யாரையும் வாடா போடான்னு பேச மாட்டார். மனைவி தவறிட்டாங்க, ஒரே பொண்ணு. எஸ்தர்னு பேர். சின்ன வயசுல போலியோ வந்து இடது கால்ல இரும்புப் பட்டை போட்ட ஷூ. அந்தப் பொண்ணை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போறதுக்காகவே ஒரு டாக்டர்கிட்டேர்ந்து பழைய நீல ஸ்கூட்டரை வாங்கியிருந்தார். தாம்பரம் தாண்டி, டி.பி. ஆஸ்பத்திரி இருக்கற சானடோரியமும் தாண்டி, குரோம்பேட்டையில ஒரு பொண்ணுங்க ஸ்கூல்தான், மாடி ஏற வேணாம், கீழேயே கிளாஸ் போட்டுத் தர்றோம்னு ஒத்துக்கிச்சாம். ரயில்ல போகலாம்னா ஸ்டேஷன்ல படிக்கட்டு, காலை நேரத்துல கூட்டம். பஸ்ஸும் அதே கதைதான். அந்த ஸ்கூட்டரை விட்டா எஸ்தருக்கு வேற கதி இல்லை.

அந்த வருஷம் அவ பதினொண்ணாவது, அப்பெல்லாம் அதுதான் எஸ்.எஸ்.எல்.சி. மழைக்காலம் ஆரம்பிச்ச சமயத்துல சார் வண்டியைத் தள்ளிக்கிட்டு ஷெட்டுக்கு வந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"கோதண்டம், சானடோரியம் வரைக்கும் நல்லா போகுதுப்பா. அங்க வந்ததும் நின்னு போகுது. பிளக்கைக் கழட்டித் துடைச்சு மாட்டினா ஸ்டார்ட் ஆகுது. கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நிக்குது."

"அடச்சே, இவ்வளவுதானா சார்! பிளக்தான்"னு சொன்னேன். மூடியைத் திறந்து பெட்ரோல் பாத்தேன், இருந்துச்சு. இறக்கினேன். புது பிளக் போட்டேன். பெருங்களத்தூர் வரைக்கும் ஓட்டிட்டு வந்தேன். தேர் மாதிரி ஓடுச்சு. சார் எனக்கு ரெண்டு தடவை தேங்க்ஸ் சொல்லிட்டுப் போனார்.

அடுத்த மாசமே திரும்பி வந்தார். இந்தத் தடவை மழைத் தண்ணி உள்ள போயிருக்கும்னு கார்புரேட்டரைக் கழட்டிக் கழுவினேன். ஓடுச்சு. அப்புறம் கரண்ட் கோளாறோன்னு பாயிண்ட், கண்டென்சர் மாத்தினேன். ஓடுச்சு. பெட்ரோல்ல ஆயில் கலந்து ஊத்தற வண்டி ஆச்சே, சைலன்சர்ல கரி அடைச்சிருக்கும்னு நெருப்புல போட்டுச் சுட்டுத் தட்டி எடுத்தேன். அப்பவும் ஓடுச்சு. மழை நின்னுச்சு, ஆனா வண்டி நிக்கறது மட்டும் நிக்கலை. மூணு வாரம் ஒழுங்கா ஓடும். இனிமே கவலையில்லைன்னு நினைக்கறப்போ சார் தள்ளிக்கிட்டு வருவார். கடைசியில எஞ்சினையே இறக்கிப் பிரிச்சேன். உள்ள ஒரு குத்தமும் இல்லை. எனக்கு அழுகையே வந்துடுச்சு.

மேஸ்திரி மூணு சுத்து சுத்திட்டு, "வண்டி சுத்தமா கீது. இது இன்னாடா பேஜாரா கீது"ன்னு தலையைச் சொறிஞ்சார். அவர் தலையைச் சொறிஞ்சு நான் பாத்தது அந்த ஒரு தடவைதான்.

அந்தப் பக்கம் நிலைமை மோசமாயிக்கிட்டு இருந்துச்சு. எஸ்தரோட ஸ்கூல்ல லேட்டா வந்தா முதல் பீரியட் கிளாஸுக்கு வெளியில நிக்கணும். கால் ஊனம்னாலும் விதி விதிதான். மூணு லேட்டு சேர்ந்தா ஒரு நாள் ஆப்சென்ட். அரைப் பரீட்சையில இங்கிலீஷ் அன்னிக்கு வண்டி நின்னு, சைக்கிள் ரிக்‌ஷா பிடிச்சுப் போய்ச் சேர்றதுக்குள்ள பாதி நேரம் போச்சு. அவ பெயில். இன்னும் ரெண்டு நாள் குறைஞ்சா பப்ளிக் பரீட்சைக்கு அனுப்ப மாட்டோம்னு ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிட்டாங்களாம். இதையெல்லாம் சார் என்கிட்ட சொன்னப்போ குரல்ல ஒரு துளி கோவம் இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தா எனக்கு ராத்திரி தூக்கமாவது வந்திருக்கும்.

எப்படியோ ஹால் டிக்கெட் வந்துச்சு. பரீட்சை சென்டர் பல்லாவரம், குரோம்பேட்டையைத் தாண்டிப் போகணும். பத்து மணிக்கு ஆரம்பம். அரை மணி தாண்டினா உள்ள விட மாட்டாங்க. அந்த ஒரு பேப்பர் போச்சுன்னா ஒரு வருஷம் போச்சு. சார் ஷெட்டுக்கு வந்து நின்னார். கேக்க வந்ததைக் கேக்காம கைக்குட்டையை மடிச்சுக்கிட்டே இருந்தார்.

"சார், முதல் நாள் நீங்க ஓட்ட வேணாம். நான் ஓட்டறேன். நீங்க எலெக்ட்ரிக் ரயில்ல பல்லாவரம் போய் கேட்ல நில்லுங்க. வழியில நின்னா என் கையில ஸ்பேனர் இருக்கு"ன்னேன்.

"உனக்கு வேலை கெடுமேப்பா."

"என் வேலை லட்சணம்தான் அஞ்சு மாசமா தெரியுதே சார்."

அன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு சேலையூர் போனேன். எஸ்தர் ரெட்டைச் சடை பின்னி ரெடியா இருந்தா. கையில ஜாமெட்ரி பாக்ஸ்.

"தமிழ்ப் பரீட்சைக்கு எதுக்கு பாப்பா காம்பஸ் பாக்ஸு?"

"பேனா வெச்சுக்கத்தாண்ணா. அப்புறம், நான் பாப்பா இல்ல, லெவன்த்."

வழியில பெட்ரோல் தீர்ந்துடக் கூடாதுன்னு சார் முந்தின நாள் சாயந்திரமே டேங்க் முட்ட ஊத்தி வெச்சிருந்தார். நான் வழக்கம்போல மூடியைத் திறந்து பாத்தேன், தளும்பிக்கிட்டு இருந்துச்சு. மூடிட்டுக் கிளம்பினோம். ரயில்வே கேட்டைத் தாண்டி ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு வந்தோம். எஞ்சின் சத்தம் நூல் பிடிச்ச மாதிரி இருந்துச்சு. எனக்குத் தைரியம் வந்துடுச்சு. "பாத்தியா, நம்ம கைக்கு ஓடுது"ன்னு பின்னாடி திரும்பிச் சொன்னேன். சானடோரியம் வந்துச்சு. எஞ்சின் ரெண்டு தடவை இழுத்துச்சு. நின்னு போச்சு.

கிக்கரை உதைச்சேன், உதைச்சேன், ஒண்ணும் நடக்கலை. எஸ்தர் இறங்கி ஒரு புளியமரத்துல சாஞ்சு நின்னா. மணி எட்டு அம்பது. பிளக்கைக் கழட்டினேன். துடைக்கப் போன கை அப்படியே நின்னுச்சு. பிளக் காஞ்சு கிடந்துச்சு. இத்தனை உதை உதைச்சதுக்கு நனைஞ்சு இருக்கணுமே! அப்ப பெட்ரோலே வரலை. கார்புரேட்டருக்குப் போற ரப்பர் டியூபை உருவினேன். நாலு சொட்டு விழுந்துச்சு, அதோட சரி. டேங்க்ல தளும்பத் தளும்ப இருக்கு, டியூப்ல வரலை.

"அண்ணா, ஒண்ணு சொல்லட்டா?"

"என்னம்மா?" எரிஞ்சு விழுந்தேன். பாவம் அந்தப் பொண்ணு.

"டேங்க் நெறைய இருந்தாத்தான் இது நிக்குது."

"நெறைய இருந்தா எப்படிம்மா நிக்கும்? காலியா இருந்தாத்தான் நிக்கும்."

"நான் வெளிய நின்ன நாள் எல்லாம் எனக்கு மனப்பாடம்ணா. எல்லாம் மாச ஆரம்பம். அப்பா சம்பளம் வாங்கி ஃபுல் டேங்க் போடற வாரம். மாசக் கடைசியில லிட்டர் லிட்டரா ஊத்துவார். தினமும் மூடியத் திறந்து குச்சி விட்டுப் பாப்பார். அப்பல்லாம் நிக்கவே நிக்காது."

நான் எழுந்து நின்னுட்டேன். "இதை யார்கிட்டயும் சொல்லலையா?"

"அப்பாகிட்ட சொன்னேன். 'மெக்கானிக்குக்குத் தெரியாததா உனக்குத் தெரியப் போகுது'ன்னுட்டார். உங்க ஷெட்டுல என்னை யாரு கேட்டாங்க?"

உண்மைதான். ஓட்டறவர்கிட்ட ஆயிரம் கேள்வி கேட்டோம். அஞ்சு மாசமா அதே சீட்டுல பின்னாடி உக்காந்து வந்தவளை ஒரு வார்த்தை கேக்கலை.

இடது கையில டியூபைப் பிடிச்சுக்கிட்டே வலது கையால சீட்டைத் தூக்கி மூடியைத் திறந்தேன். புஸ்ஸுன்னு ஒரு சத்தம். அதே நிமிஷம் டியூப்லேர்ந்து பெட்ரோல் கொடகொடன்னு என் கையில கொட்டுச்சு.

மண்ணெண்ணெய் டின்னைப் பாத்திருப்பீங்க. ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் கவுத்தா எண்ணெய் வராது. காத்து உள்ள போக இன்னொரு ஓட்டை வேணும். பெட்ரோல் டேங்க்குக்கு அந்த ரெண்டாவது ஓட்டை மூடியிலேயே இருக்கும், குண்டூசி தலை அளவுக்கு. அது அடைஞ்சா டேங்க் காத்து கிடைக்காம பெட்ரோலை உள்ளேயே பிடிச்சு வெச்சுக்கும். கொஞ்சமா பெட்ரோல் இருந்தா மிச்ச இடமெல்லாம் காத்து, கொஞ்ச தூரம் சமாளிச்சுடும். முட்ட ஊத்தினா காத்துக்கு இடமே இல்லை. மூடி ரப்பர் வழியா லேசா கசியற காத்துலதான் சானடோரியம் வரைக்குமாவது வந்திருக்கு. சார் பிளக்கைக் கழட்டித் துடைக்கற நேரத்துல அதே மாதிரி காத்து கசிஞ்சு உள்ள போய் ஸ்டார்ட் ஆயிருக்கு. பழி பிளக் மேல. எங்க ஷெட்டுலயோ, முதல் காரியமே மூடியைத் திறக்கறதுதான். திறந்தா கோளாறு போச்சு. அப்புறம் அரை லிட்டர்ல ஊரைச் சுத்தினா எங்க நிக்கும்?

ஓட்டையை எது அடைச்சிருக்குன்னு மூடி மேல உத்துப் பாத்தேன்.

பொட்டு. சந்தனம், மேல குங்குமம். நான் வெச்ச பொட்டு.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சார் வண்டி சர்வீஸுக்கு வந்து ஷெட்டுல நின்னுச்சு. எல்லா வண்டிக்கும் ஹெட்லைட் மேல பொட்டு வெச்சுக்கிட்டே வந்த நான், சார் வண்டிகிட்ட வந்ததும் யோசிச்சேன். அவர் ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போறவர். முன்னாடி பளிச்சுனு வெச்சா சங்கடப்படுவாரோ? வெக்காம விட்டா எனக்கு மனசு கேக்கலை, பூஜை அன்னிக்கு ஷெட்டுல இருக்கற இரும்பு ஆச்சே. சரி, யாருக்கும் தெரியாத இடமா சீட்டுக்கு அடியில வெப்போம்னு, மூடிக்கு நடுவுல கட்டை விரலால அழுத்தி வெச்சேன். தனிச் சந்தனமா இருந்தா காஞ்சு உதிர்ந்திருக்கும். பெட்ரோல்ல கலந்த ஆயிலும் தூசியும் சேர்ந்து சிமெண்ட் மாதிரி இறுகிப் போச்சு.

அஞ்சு மாசத்துல அந்த மூடியை எத்தனை தடவை திறந்திருப்பேன்! பாக்காம இல்லை. பாத்தேன். எங்க ஷெட்டுல வைஸ், டூல் பாக்ஸ், தராசு எல்லாத்துலயும் அடுத்த பூஜை வரைக்கும் பொட்டு இருக்கும், ஒருத்தரும் துடைக்க மாட்டோம். என் கண்ணுக்கு அது சாமி சமாச்சாரம். அடைப்பா அது தெரியவே இல்லை.

"அந்த காம்பஸைக் குடும்மா"ன்னேன். எஸ்தர் பாக்ஸைத் திறந்து குடுத்தா. ஊசி முனையால பொட்டைக் குத்திப் பேத்து எடுத்து, ஓட்டையில வாயை வெச்சு ஊதினேன். டியூபை மாட்டி ஒரு உதை உதைச்சேன், பிடிச்சுக்கிச்சு. பல்லாவரம் வரைக்கும் ஒரு இருமல் கூட இல்லை. ஒம்பதரை மணிக்கு கேட்ல சார் முன்னாடி கொண்டு போய் நிறுத்தினேன். அவர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார், கையெல்லாம் பெட்ரோல் நாத்தம்னு சொன்னாலும் விடலை.

மேஸ்திரிகிட்ட அன்னிக்கு சாயந்திரம் எல்லாத்தையும் சொன்னேன். ஸ்டூல்ல உக்காந்து கேட்டார். அப்புறம் எழுந்து வந்து என் முன்னாடி விரலை மடக்கினார். "இனிமே ஒண்ணு, வண்டி நின்ன எடத்துலயே போய்ப் பாரு. மூடியத் தொறக்கசொல்ல காதைக் கிட்ட வை." முதல் விரலுக்கு அவர் புதுசா சொன்னது இதுதான். பெட்ரோல் ரெண்டாவது விரலுக்குப் போச்சு. சொல்லிட்டுப் போய் ஷெட்டுல இருந்த அத்தனை வண்டி மூடியையும் ஒண்ணொண்ணா திறந்து பாத்தார். எஸ்தர் அந்த வருஷமே பாஸ் பண்ணிட்டா, இங்கிலீஷ்லயும்தான்.

ஆனா பசங்க கேட்ட கேள்விக்கு நான் சொல்ல வேண்டிய பதில் அன்னிக்கு மத்தியானம் நடந்தது. பரீட்சை முடியற வரைக்கும் நானும் சாரும் கேட்டுக்கு எதிர்த்தாப்புல ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காந்திருந்தோம். சொல்லணும் சொல்லணும்னு வாய் வரைக்கும் வருது, சொல்ல முடியலை. மூணு டீ குடிச்சாச்சு. எஸ்தர் வெளியில வந்து, "ஈஸிப்பா"ன்னு சொன்னப்புறம்தான் எனக்கு வாய் திறந்துச்சு.

"சார், கோளாறு என்னோடது. ஆயுத பூஜைக்கு நான் வெச்ச பொட்டு மூடி ஓட்டையை அடைச்சுடுச்சு. நீங்க சங்கடப்படக் கூடாதேன்னு உள்ள மறைவா வெச்சேன்."

சார் மெதுவா, "பொட்டு இருந்தது எனக்குத் தெரியும் கோதண்டம்"னார்.

"தெரியுமா?"

"பெட்ரோல் போடறப்போ பங்க்காரர் துடைக்க வந்தார். நான்தான் வேணாம்னேன். யாருக்கும் தெரியாம என் மனசு நோகாம ஒரு மனுஷன் வெச்சிருக்கான், அதை நான் அழிச்சா உன் மனசு நோகுமேன்னு. மழையில கூட நனையாம பாத்துக்கிட்டேன்."

அவருக்குக் கண் கலங்கிடுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு, நீ பெரிய மனுஷன், இல்ல சார் நீங்கதான் பெரிய மனுஷன்னு நிக்கறோம்.

எஸ்தர் ஸ்கூட்டரைப் பிடிச்சுக்கிட்டு, கால் மாத்திக் கால் மாத்தி நின்னுக்கிட்டு இருந்தா. கோவமா கூட சொல்லலை.

"நீங்க ரெண்டு பேரும் மாத்தி மாத்தி மரியாதை பண்ணிக்கிட்டீங்க. அஞ்சு மாசம் கிளாஸுக்கு வெளிய நின்னது நான்."

நாங்க கையை விட்டுட்டோம். சார் குனிஞ்சு அவ ஷூ பட்டையைச் சரி பண்ற மாதிரி கீழேயே உக்காந்துட்டார். "தப்புதாம்மா"ன்னு மட்டும் சொன்னார். அவர் சொல்லிட்டார். நான் கிக்கரை உதைச்சு எஞ்சினைப் போட்டுட்டேன், சத்தம் வந்துடுச்சு. கஸ்டமர்கிட்ட என் சர்வீஸ்ல எத்தனையோ சாரி சொல்லியிருக்கேன், செய்யாத தப்புக்குக் கூட. அவகிட்ட சொல்ல வேண்டிய சாரியை நான் சொல்லவே இல்லை.